மூன்று நிமிடத்தில் ஓர் ஆய்வேடு: இந்தப் போட்டிகள் எதை அளக்கின்றன?

முனைவர் பட்டத்துக்காக நான்கைந்து ஆண்டுகள் உழைத்த ஆய்வாளர் ஒருவர், அந்த ஆய்வை மேடையில் மூன்றே நிமிடத்தில் விளக்கிப் பரிசு பெற்றார் என்ற செய்தி வெளியாகும்போது, படிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு முடிவுகளுள் ஒன்றுக்கு வருகிறார்கள். மூன்று நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய ஒன்றுக்கு ஐந்து ஆண்டு எதற்கு என்பது ஒரு முடிவு. பரிசு பெற்றதுதான் அந்த ஆண்டின் சிறந்த ஆய்வு என்பது மற்றொரு முடிவு. இரண்டுமே பிழை. ஓர் ஆய்வைச் செய்வது, அதைத் தேர்வுக்கு உட்படுத்துவது, அதை அத்துறை அறியாத ஒருவருக்கு விளக்குவது ஆகிய மூன்று வேலைகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதிலிருந்தே இரண்டு பிழைகளும் பிறக்கின்றன.

சென்னைக்கு இந்தக் குழப்பம் தொலைவில் நடப்பது அல்ல. சர்தார் படேல் சாலை ஒன்றிலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், சென்னை ஐ.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் இருக்கின்றன. சற்றுத் தள்ளித் தரமணியில் கணித அறிவியல் நிறுவனமும் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. ஒரே பேருந்துத் தடத்தில் தோல் பதனிடுதல், எண் கோட்பாடு, சங்க இலக்கியம் என முனைவர் பட்ட ஆய்வுகள் நடக்கின்றன. அந்தப் பேருந்தில் போகிறவருக்கு மதில்களுக்குள் நடப்பது பற்றி ஒன்றும் தெரிவதில்லை. இந்தப் போட்டிகள் அந்த மதிலில் ஒரு சன்னல் வைக்க முயல்பவை. சன்னல் எவ்வளவு காட்டும், எதைக் காட்டாது என்பதைப் புரிந்துகொள்ள அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் சில சொற்கள்

முனைவர் பட்ட ஆய்வாளர் எழுதித் தரும் நூல் ஆய்வேடு. அவரை வழிநடத்தும் பேராசிரியர் நெறியாளர்; வளாகப் பேச்சில் "கைடு". ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் படித்து ஏற்றபின், ஆய்வாளர் நேரில் நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்வது வாய்மொழித் தேர்வு. இதைத்தான் "வைவா" என்கிறார்கள்.

பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வெளியிட்ட ஒழுங்குமுறைகளின்படி, முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டுகளும் வழக்கமான உச்சவரம்பாக 6 ஆண்டுகளும் உண்டு. குறைந்தது 12 கிரெடிட் (பாடச் சுமையை அளக்கும் அலகு) அளவுக்குப் பாடங்கள் படித்துத் தேற வேண்டும். ஆய்வேட்டைத் தருவதற்குமுன் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன்னிலையில் ஆய்வை எடுத்துரைக்க வேண்டும். பிறகு நெறியாளரோடு, அந்நிறுவனத்தில் பணியாற்றாத குறைந்தது இரண்டு புறத்தேர்வாளர்கள் ஆய்வேட்டை மதிப்பிடுவார்கள். இவை எல்லாம் முடிந்தபின்னரே வாய்மொழித் தேர்வு.

மூன்று நிமிடப் போட்டி இந்த வரிசையில் எங்கும் இல்லை. அதில் வென்றவருக்குப் பட்டம் ஒரு நாள்கூட முன்னதாகக் கிடைக்காது. தோற்றவருக்கு ஒரு நாள்கூடத் தள்ளிப்போகாது. வைவாவில் எதிரே இருப்பவர் அத்துறை வல்லுநர். அவருக்கு ஆய்வேட்டின் ஒவ்வோர் அட்டவணையும் தெரியும். போட்டியில் எதிரே இருப்பவருக்கு அத்துறையின் பெயரே புதிதாக இருக்கலாம். முன்னதில் கேள்விக்குத் தாக்குப்பிடிக்க வேண்டும். பின்னதில் கேள்வியை உருவாக்கிக் காட்ட வேண்டும்.

குளியலறையில் பிறந்த யோசனை

இப்போட்டிகளில் மிகப் பரவலானது "த்ரீ மினிட் தீசிஸ்". இது 2008-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அப்போது குயின்ஸ்லாந்து மாநிலத்தைக் கடும் வறட்சி வாட்டியது. குளிக்கும் நேரத்தைக் குறைப்பதற்காக மக்கள் குளியலறைச் சுவரில் மூன்று நிமிடம் காட்டும் மணல் கடிகாரத்தை ஒட்டிவைத்துக்கொண்டார்கள். பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்புப் பிரிவின் தலைவராக அன்று இருந்த பேராசிரியர் ஆலன் லாசன், குளிப்பதற்கு மூன்று நிமிடம் போதுமென்றால் ஆய்வைச் சொல்வதற்கும் ஏன் போதாது என்று யோசித்ததன் விளைவே இப்போட்டி. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்து இறங்கியதைப் பார்த்த சென்னைவாசிக்கு இந்தப் பிறப்புக் கதையை விளக்க வேண்டியதில்லை.

முதல் ஆண்டில் 160 ஆய்வாளர்கள் கலந்துகொண்டார்கள். 2010-இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இரண்டுக்கும் பொதுவான சுற்று நடந்தது. இப்போது 85-க்கும் மேற்பட்ட நாடுகளில் 900-க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் இதை நடத்துகின்றன. பெயர் பதிவு செய்யப்பட்ட வணிகக்குறி என்பதால், அப்பெயரில் நடத்த விரும்பும் நிறுவனம் குயின்ஸ்லாந்தின் விதிகளை ஏற்றாக வேண்டும். வேறு பெயர்களில் நடப்பவை தம் விருப்பப்படி விதிகளை மாற்றிக்கொள்கின்றன. செய்திகளைப் படிக்கும்போது இந்த வேறுபாட்டை நினைவில் கொள்வது நல்லது.

உறவுமுறைப் போட்டிகளும் உண்டு. பிரெஞ்சு மொழியில் "180 நொடிகளில் என் ஆய்வேடு" என்ற பொருள்படும் போட்டி 2012-இல் கனடாவின் கியூபெக்கில் தொடங்கி, 2014-இல் பிரான்சுக்கு வந்தது. இங்கிலாந்தின் செல்டன்ஹாம் அறிவியல் விழாவில் 2005-இல் தொடங்கிய ஃபேம்லேப் போட்டிக்கும் மூன்று நிமிடமே. ஆனால் அங்கே ஸ்லைடு கூடாது, கையில் எடுத்துவரக்கூடிய பொருளைக் காட்டலாம். இந்தியாவில் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2018-இல் அறிவித்த "அவ்சர்" திட்டம் பேச்சுக்கு உரியது அல்ல, எழுத்துக்கு உரியது: முனைவர் பட்ட ஆய்வாளர்கள் தங்கள் ஆய்வைப் பொதுமக்களுக்கான கட்டுரையாக எழுத வேண்டும், அவர்களுக்கான முதல் பரிசு ஒரு லட்சம் ரூபாய்.

ஏன் இத்தனை ஆர்வம் என்றால், முதன்மையான காரணம் பணம் எங்கிருந்து வருகிறது என்பதே. இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதந்தோறும் 37,000 ரூபாய், அது வரிப்பணம். 2022-இல் மத்திய அரசு வெளியிட்ட அறிவியல் சமூகப் பொறுப்பு வழிகாட்டுதல்கள், அறிவியலாளர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குக் குறைந்தது 10 நாள் உழைப்பையாவது தம் அறிவைச் சமூகத்தோடு பகிர்வதற்குத் தர வேண்டும் என்கின்றன. பணம் தருபவருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற எதிர்பார்ப்பு புதியதும் அல்ல. 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை அளித்தபோது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கை தர வேண்டும் என்று நிபந்தனை விதித்தது.

விதிகளும் அவற்றின் நோக்கமும்

குயின்ஸ்லாந்து விதிகள் சிலவே. ஒவ்வொன்றும் எதையோ தடுப்பதற்காக வைக்கப்பட்டது.

1. ஒரே ஒரு ஸ்லைடு. அசைவு கூடாது, மாற்றம் கூடாது, பேச்சு தொடங்கும்போதே திரையில் இருக்க வேண்டும். ஸ்லைடைப் பார்த்து வாசித்தே பேச்சை ஓட்டுவதை இது தடுக்கிறது.

2. ஒலி, காணொளி, வேடம், இசைக்கருவி, ஆய்வகக் கருவி எதுவும் கூடாது. வசதி மிகுந்த ஆய்வகத்திலிருந்து வருபவருக்கும் நூலக மேசையிலிருந்து வருபவருக்கும் ஒரே தளம் கிடைக்கட்டும் என்பதே நோக்கம்.

3. உரைநடைப் பேச்சு மட்டும். பாட்டு, கவிதை, ராப் கூடாது. வில்லுப்பாட்டில் அறிவியல் சொல்லும் மரபு உள்ள நமக்கு இது சற்று வறண்ட விதியாகத் தோன்றலாம்.

4. மூன்று நிமிடத்தைத் தாண்டினால் தகுதி நீக்கம். பேச்சாளர் அசைவாலோ சொல்லாலோ தொடங்கிய நொடியிலிருந்து நேரம் கணக்கிடப்படும். ஆகவே பேசுமுன் செய்யும் அபிநயமும் நேரத்தில் கழியும்.

5. பேசுபவர் தம் சொந்த ஆய்வையே பேச வேண்டும். நடுவர் தீர்ப்பே முடிவு.

நான்காம் விதியை அரங்குகள் சில வேளை தளர்த்திவிடுகின்றன. "பரவாயில்லை, முடித்துக்கொள்ளுங்கள்" என்று தலைவர் கையசைப்பது நம் மேடைகளின் பண்பாடு. ஆனால் அந்த ஒரு விதியைத் தளர்த்தினால் போட்டியே வேறொன்றாகிவிடுகிறது. ஏனென்றால் இதில் சோதிக்கப்படும் திறன் முழுவதும் அந்த எல்லைக்கோட்டில்தான் இருக்கிறது.

180-இல் ஒரு பங்கு

80,000 சொற்கள் கொண்ட ஆய்வேட்டை உரக்கப் படித்தால் 9 மணி நேரம் ஆகும் என்பது போட்டி அமைப்பாளர்கள் தரும் கணக்கு. ஒன்பது மணி நேரம் 540 நிமிடம். அதில் மூன்று நிமிடம் 180-இல் ஒரு பங்கு. இந்தக் கணக்கைக் கேட்டவுடன் பெரும்பாலான ஆய்வாளர்கள் செய்யும் முதல் வேலை, ஆய்வேட்டைச் சுருக்குவது. அங்கேதான் தவறு தொடங்குகிறது. ஒரு பொருளை 180-இல் ஒரு பங்காகச் சுருக்க முடியாது. அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க மட்டுமே முடியும்.

எடுத்துக்காட்டுக்கு ஓர் ஆய்வை வைத்துக்கொள்வோம். ஆய்வாளர் கற்பனை, சிக்கல் உண்மையானது. தலைப்பு: "கடல்நீர் எதிர்ச் சவ்வூடு பரவல் அமைப்புகளில் பாலிஅமைடு சவ்வுகளின் மேற்பரப்பு மாற்றம்வழி உயிர்ப்படலக் கட்டுப்பாடு". ஆய்வேட்டில் ஏழு இயல்கள்: முன்னுரை, முந்தைய ஆய்வுகள், செய்முறை, முடிவுகள் மூன்று இயல்களாக, முடிவுரை. சுருக்குபவர் ஒவ்வோர் இயலுக்கும் ஏறத்தாழ 25 நொடி ஒதுக்குவார். உலகத்தில் நன்னீர் குறைவு என்று ஒரு நிமிடம் போய்விடும். முந்தைய ஆய்வுகளில் இடைவெளி உள்ளது என்று இன்னொரு அரை நிமிடம். செய்முறை சொல்லும்போது கருவிகளின் பெயர்கள் வரிசையாக வரும். தாம் கண்டுபிடித்ததைச் சொல்லத் தொடங்கும்போது மணி அடிக்கும்.

தேர்ந்தெடுப்பவர் இதே ஆய்வை வேறு இடத்திலிருந்து எடுப்பார். சென்னைக்குத் தெற்கே நெம்மேலியில் 2013 முதல் ஒரு நிலையம் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் திறனோடு இயங்குகிறது. அங்கே கடல்நீரை மிகுந்த அழுத்தத்தில் மெல்லிய சவ்வின்மேல் செலுத்துகிறார்கள். நீர் மறுபக்கம் போகும், உப்பு நின்றுவிடும். நாளடைவில் அந்தச் சவ்வின்மேல் நுண்ணுயிர்கள் குடியேறி, குளத்துப் படிக்கட்டில் பிடிக்கும் வழுக்கலைப் போல ஒரு படலம் கட்டுகின்றன. அதே அளவு நீர் பெற இன்னும் அதிக அழுத்தம் தர வேண்டியிருப்பதால் மின்செலவு ஏறுகிறது. குளோரின் கலந்தால் நுண்ணுயிர்கள் சாகும். ஆனால் குளோரின் அந்தச் சவ்வையும் சிதைத்துவிடும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாகிவிடும். ஆகவே, கொல்வதற்குப் பதிலாக, நுண்ணுயிர் வந்து ஒட்டவே முடியாதபடி சவ்வின் மேற்பரப்பை மாற்ற முடியுமா? இதுதான் அவருடைய கேள்வி.

இதுவரை சொன்னதைப் பேச ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். மீதி நேரத்தில் அவர் என்ன செய்தார், என்ன கண்டார், இன்னும் எது தீரவில்லை என்பதைச் சொல்லலாம். ஏழு இயல்களில் ஆறு இதில் இல்லை. ஆனால் கேட்டவருக்கு அந்த ஆய்வு ஏன் செய்யப்பட்டது என்பது தெளிவாகியிருக்கும். கேட்பவர் நினைவில் வைத்துக்கொள்ளப்போவது நுண்ணுயிர், குளோரின், சவ்வு ஆகிய மூன்றுக்கும் இடையிலான இக்கட்டைத்தான்.

நம் இலக்கண மரபு இந்த வேறுபாட்டை நுட்பமாகவே பிரித்து வைத்திருக்கிறது. நன்னூலின் பொதுப்பாயிரம் ஒரு நூலுக்குரிய பத்து அழகுகளில் முதலாவதாகச் சுருங்கச் சொல்லலையும், பத்துக் குற்றங்களில் முதலாவதாகக் குன்றக் கூறலையும் வைக்கிறது. இரண்டிலும் சொற்கள் குறைவு. முன்னதில் பொருள் நிறைந்திருக்கிறது. பின்னதில் பொருளும் குறைந்துவிடுகிறது. அதே பட்டியலில் வரும் மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் என்ற இரண்டு குற்றங்களும் மூன்று நிமிடப் பேச்சுக்கென்றே எழுதப்பட்டவை போல இருக்கின்றன. உலக வெப்பமயமாதலில் கம்பீரமாகத் தொடங்கி ஓர் ஆய்வகக் குடுவையின் கொள்ளளவில் வந்து முடியும் பேச்சை வேறு எப்படி வருணிப்பது?

உவமைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இப்பேச்சுகளில் உவமை இன்றியமையாதது. ஆனால் ஒவ்வோர் உவமையும் எங்கோ ஓரிடத்தில் பொய் சொல்லும். மேலே சொன்ன சவ்வைச் சல்லடை என்று சொன்னால் எல்லோருக்கும் உடனே புரியும். ஆனால் சல்லடை என்றதும், துளை சிறியது, உப்பு பெரியது, ஆகவே உப்பு நிற்கிறது என்று கேட்பவர் முடிவு செய்வார். நீரும் உப்பும் பிரிவதற்கு அளவு ஒன்றே காரணம் அல்ல. மின்னூட்டத்துக்கும் சவ்வின் வேதியியல் தன்மைக்கும் அதில் பங்குண்டு. அப்படியானால் சல்லடை என்று சொல்லலாமா, கூடாதா? நுண்ணுயிர்ப் படலத்தை ஆராய்பவர் தாராளமாகச் சொல்லலாம். அவருடைய கேள்வியை அந்தப் பொய் தொடவில்லை. சவ்வுக்குள் நீர் எப்படிப் பயணம் செய்கிறது என்பதை ஆராய்பவர் சொல்லவே கூடாது. அவர் ஆய்வு செய்து விளக்க வந்த பொருளையே அது அழித்துவிடும். உவமையின் பொய் ஆய்வின் மையத்தில் விழுகிறதா, ஓரத்தில் விழுகிறதா என்பதே அளவுகோல். பயிற்சிப் பட்டறைகளில் "எளிமையாகச் சொல்லுங்கள்" என்று அறிவுறுத்துபவர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்லித்தருவது அரிது.

நடுவர் தாளில் என்ன இருக்கிறது

குயின்ஸ்லாந்து முறையில் இரண்டே அளவுகோல்கள். இரண்டுக்கும் சம எடை.

1. உள்ளடக்கமும் புரிதலும்: ஆய்வின் பின்னணியும் முக்கியத்துவமும் தெளிவாயிற்றா, கண்டறிந்தவை சொல்லப்பட்டனவா, வரிசை சீராக இருந்ததா.

2. ஈர்ப்பும் எடுத்துரைப்பும்: துறை அறியாதவருக்கு ஏற்ற மொழியா, கேட்பவருக்கு மேலும் அறியும் ஆவல் எழுந்ததா, ஆய்வைக் கொச்சைப்படுத்தாமல் சொன்னாரா, ஸ்லைடு பேச்சுக்குத் துணை செய்ததா.

இந்தத் தாளில் இல்லாதவற்றைக் கவனிக்க வேண்டும். தரவு சரியா, சோதனை போதிய எண்ணிக்கையில் செய்யப்பட்டதா, மற்றவர் திரும்பச் செய்தால் அதே முடிவு கிடைக்குமா என்பவை எவையும் இதில் இல்லை; இருக்கவும் முடியாது. நடுவர்கள் ஆய்வேட்டைப் படித்தவர்கள் அல்லர். எனவே பரிசு ஒரு ஆய்வின் தரச்சான்று ஆகாது. அது ஒரு விளக்கத்தின் தரச்சான்று மட்டுமே. கல்லூரி விளம்பரங்களில் இவை இரண்டும் ஒன்றாகிவிடுவது வேறு கதை.

எல்லாத் துறைகளுக்கும் இந்த மேடை சமமாக இருப்பதும் இல்லை. மருத்துவம், குடிநீர், வேளாண்மை ஆகியவற்றை ஆராய்பவருக்கு, கேட்பவரின் வாழ்க்கையே முன்னுரையாக அமைந்துவிடுகிறது. நீரிழிவு என்று சொன்னதுமே அரங்கில் பாதிப்பேர் தங்கள் வீட்டை நினைத்துக்கொள்வார்கள். எண் கோட்பாடு, இடவியல் போன்ற கணிதப் பிரிவுகளில் ஆய்வு செய்பவருக்கு, தாம் ஆராயும் பொருள் இன்னது என்று அறிமுகம் செய்வதற்கே இரண்டு நிமிடம் தேவைப்படும்; அந்தப் பொருளைப் பற்றிய கேள்வி அதற்குப் பிறகுதான். இலக்கிய ஆய்வாளருக்கு எதிர்மாறான இடர்: கேட்பவர்கள் தங்களுக்கு அந்தப் பாடல் ஏற்கெனவே தெரியும் என்று நினைத்துக்கொண்டு, ஆய்வின் புதுமையைக் காண மறுப்பார்கள். துறைவாரியாகச் சுற்றுகளைப் பிரித்து நடத்துவது இதற்கு ஓரளவு தீர்வு. இறுதிச் சுற்றில் எல்லோரும் ஒன்றாக நிற்கும்போது அந்த ஏற்றத்தாழ்வு திரும்ப வந்துவிடும்.

மேடை தரும் இரண்டு ஆபத்துகள்

முதலாவது, மிகைப்படுத்தல். நேரம் குறையும்போது முதலில் வெட்டப்படுவது "எலிகளில் மட்டும்", "ஆய்வக அளவில்", "இதுவரை" போன்ற வரம்புச் சொற்களே. அவை போனபின் எஞ்சுவது புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்த கதை. இது கேட்பவர் குற்றமோ பத்திரிகையாளர் குற்றமோ மட்டும் அல்ல என்பதற்குச் சான்று உண்டு. கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வொன்று, பிரிட்டனின் 20 முன்னணிப் பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட 462 செய்திக்குறிப்புகளை மூல ஆய்வுக்கட்டுரைகளோடு ஒப்பிட்டது. 40 விழுக்காட்டுக் குறிப்புகளில் மக்களுக்கான அறிவுரை மிகைப்படுத்தப்பட்டிருந்தது. 36 விழுக்காட்டில் விலங்குகளில் கண்டதை மனிதர்களுக்கும் பொருந்துவதாகக் காட்டியிருந்தார்கள். செய்தித்தாளில் காணும் மிகையில் பெரும்பகுதி பல்கலைக்கழக வாசலிலேயே தொடங்கியிருந்தது. மூன்று நிமிடப் பேச்சும் அதே வாசலில்தான் நிற்கிறது. வரம்புச் சொல் ஒன்றைச் சொல்ல இரண்டு நொடிகூட ஆகாது. அதற்கு இடம் ஒதுக்கியவரா என்று பார்ப்பது நடுவர்களின் வேலை.

இரண்டாவது, காப்புரிமை. இது பல ஆய்வாளர்களுக்கு மேடை இறங்கியபின்தான் தெரியவருகிறது. ஒரு கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெற அது புதியதாக இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே பொதுவெளியில் வெளியிடப்பட்டிருந்தால் புதுமை போய்விடும். கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தாலும் அப்படித்தான். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, அரசு அறிவித்த கண்காட்சியில் காட்டியது, அறிஞர் சங்கத்தில் கட்டுரையாகப் படித்தது போன்ற சில நேர்வுகளுக்கு மட்டும் 12 மாத விலக்கு அளிக்கிறது. கல்லூரி அரங்கில் நடந்து, பின்னர் யூடியூபில் ஏறும் போட்டிப் பேச்சு அந்த விலக்குக்குள் அடங்கும் என்று நம்பி இருப்பது புத்திசாலித்தனம் அல்ல. ஐரோப்பியச் சட்டம் இன்னும் கடுமையானது. செய்ய வேண்டியது எளிது: பேசுவதற்குமுன் நிறுவனத்தின் அறிவுசார் சொத்துரிமைப் பிரிவைக் கேட்டு, தேவையானால் தற்காலிக விவரக்குறிப்போடு (கண்டுபிடிப்பின் முதற்கட்ட விளக்கம்) விண்ணப்பித்துவிட வேண்டும், முழு விவரக்குறிப்பைத் தர அதன்பின் 12 மாதம் கிடைக்கும். அதற்கும் நேரம் இல்லையென்றால், எந்தச் சிக்கலைத் தீர்த்தோம் என்பதைச் சொல்லிவிட்டு, எந்தப் பொருளை எந்த விகிதத்தில் சேர்த்தோம் என்பதைச் சொல்லாமல் விடலாம். மூன்று நிமிடத்தில் அதை யாரும் கேட்கப்போவதில்லை. தொழில்நிறுவனத்தின் நிதியில் நடக்கும் ஆய்வென்றால் ஒப்பந்தத்தையும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

சென்னையில் எந்த மொழியில்?

துறை அறியாத பொதுமக்களுக்கு விளக்குவது என்பதே போட்டியின் இலக்கணம். ஆனால் சென்னை வளாகங்களில் முனைவர் பட்ட ஆய்வு பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கிறது, பேச்சும் ஆங்கிலத்தில்தான். அங்கே "துறை அறியாதவர்" என்று கருதப்படுபவர் உண்மையில் இன்னொரு துறையில் ஆங்கிலத்தில் உயர்கல்வி பெற்றவர். நெம்மேலித் தண்ணீரைக் குழாயில் பிடிப்பவர் அந்த அரங்கில் இல்லை. ஆய்வாளரின் பெற்றோர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாலும், மகள் ஐந்து ஆண்டுகளாக என்ன செய்கிறாள் என்பது அன்றைக்கும் அவர்களுக்குத் தெரியாமல் போகக்கூடும். தமிழ்ச்சுற்று ஒன்றைச் சேர்ப்பதே இயல்பான தீர்வு. ஆனால் ஆங்கிலப் பேச்சை மொழிபெயர்த்து மேடையேற்றினால் அது நடக்காது என்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

1. நேரக்கணக்கு மாறும். ஆங்கிலத்தில் மூன்று நிமிடத்துக்கு ஏறக்குறைய 400 சொற்கள் என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள். தமிழில் வேற்றுமை உருபும் சொல்லுருபும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், ஆங்கிலத்தில் மூன்று சொற்களாக நிற்பது "சவ்வின்மேல்" என ஒரே சொல்லாகிவிடும். ஒவ்வொரு சொல்லும் நீளம். 400 தமிழ்ச் சொற்களை எழுதிக்கொண்டு மேடையேறுபவர் நேரத்தைத் தாண்டித் தகுதி இழப்பார். சொல்லை எண்ணுவதைவிடக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உரக்கப் படித்துப் பார்ப்பதுதான் ஒரே வழி.

2. நடை முடிவு செய்யப்பட வேண்டும். எழுத்துத் தமிழில் பேசினால் செய்தி வாசிப்பு போலாகும். முழுப் பேச்சுத் தமிழில் பேசினால் சில நடுவர்கள் முகம் சுளிப்பார்கள். பட்டிமன்ற மேடை இதற்கு ஓர் இடைநடையை ஏற்கெனவே உருவாக்கி வைத்திருக்கிறது: வினைமுற்றுகள் பேச்சுக்கு அருகில், பெயர்ச்சொற்கள் எழுத்துக்கு அருகில். அந்த மேடையின் நகைச்சுவைத் துணுக்குகளைத் தவிர்த்துவிட்டு நடையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

3. கலைச்சொல் சிக்கல் தீர வேண்டும். தமிழில் கலைச்சொற்களுக்குப் பஞ்சம் இல்லை. பாடநூல்களும் கலைச்சொல் அகராதிகளும் நிறையவே தந்திருக்கின்றன. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு கலைச்சொல் துறை அறிந்தவருக்குத் துல்லியமானது. துறை அறியாதவருக்கு அது தமிழில் இருந்தாலும் அந்நியச் சொல்லே. ஆங்கிலச் சொல்லை நீக்கித் தமிழ்க் கலைச்சொல்லை வைத்ததாலேயே பேச்சு எளிமையாகிவிட்டது என்று நினைப்பது பெரும்பிழை. அதேவேளை, தெருவில் புழங்கும் கடன்சொல் சில இடங்களில் நூலின் தூய சொல்லைவிடக் கூடுதலாக விளக்கும்.

மேலே கண்ட கற்பனை ஆய்வின் தலைப்பே இதற்குச் சான்று. "எதிர்ச் சவ்வூடு பரவல்" என்பது சரியான சொல்; பொருளும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. ஆனால் சென்னையில் கேன் தண்ணீர் போடும் பையனிலிருந்து அடுக்குமாடிக் குடியிருப்புச் செயலாளர் வரை எல்லோருக்கும் தெரிந்த சொல் "ஆர்.ஓ.". ஆர்.ஓ. இயந்திரத்தின் ஃபில்டரை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் தண்ணீர் எப்படி மெதுவாகச் சொட்டும் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். ஆய்வாளர் அந்த அனுபவத்திலிருந்து தொடங்கினால் அடைப்பு என்றால் என்ன என்பதை விளக்கும் அரை நிமிடம் மிச்சமாகும்.

ஆகவே தமிழ்ச்சுற்று நடத்த முன்வரும் நிறுவனம், நடுவர் குழுவில் இருவரையாவது பேராசிரியர் அல்லாதவராகப் போடலாம்: ஒரு பள்ளி ஆசிரியர், ஒரு குடிநீர் வாரியப் பொறியாளர், ஒரு வானொலி அறிவிப்பாளர் என்று. போட்டி தொடங்குமுன் அவர்கள் கூடி, "எதிர்ச் சவ்வூடு பரவல்" என்று பேசுபவருக்கும் "ஆர்.ஓ." என்று பேசுபவருக்கும் எந்த இடத்தில் மதிப்பெண் கூடும், எந்த இடத்தில் குறையும் என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அதைச் செய்யாவிட்டால் முடிவு அறிவித்த பிறகு அரங்கின் வெளியே நடக்கும் விவாதம் மூன்று நிமிடத்தில் முடியாது.